ஆறாம் பொருளுக்கு மூன்றாம் வாய்

நாற்பத்தோர் ஆண்டுகள் பாடுபட்டு அந்த அகராதி அலுவலகம் 'ஒ' என்னும் எழுத்தை எட்டிப் பிடித்திருந்தது. அகரம் நடக்கையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இகரத்தில் திருமணம் செய்து, உகரத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, எகரத்தில் ஓய்வு பெற்றுப் போனார்கள். ககரத்தை யார் கண்ணால் காணப்போகிறார்கள் என்று அங்கே எவரும் கவலைப்பட்டதில்லை. சம்பளம் ஒகரத்துக்கும் ஒன்றுதான், ககரத்துக்கும் ஒன்றுதான்.

மக்கள் வாயில் வழங்கும் சொற்களுக்கான அகராதி அது. அதைத் தொடங்கியவர் பிடிவாதக்காரர். எந்தச் சொல்லையும் புத்தகத்திலிருந்து எடுக்கக்கூடாது, காதால் கேட்டே எடுக்க வேண்டும் என்றார். ஒரு சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று வெவ்வேறு வாய்கள் வேண்டும் என்றார். கேட்டதைக் கேட்டபடி ஒரு சீட்டில் எழுதி, நாள், இடம், பேசியவரின் தொழில் ஆகியவற்றைக் குறித்து, உடனிருந்து கேட்ட இன்னொருவரிடம் அங்கேயே சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். சீட்டு எழுதுபவர் அந்தச் சொல்லைத் தாமாக எடுத்துக்கொடுத்துப் பேசவைக்கக்கூடாது. அலுவலகத்தாரும் ஆய்வுக்கு வருபவரும் அல்லாத எவரும் அட்டைகளைத் தொடவும் கூடாது. இவ்வளவும் ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் அட்டை அறையின் வாசலில் தொங்கின. தொடங்கியவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. விதிகள் மட்டும் போகவில்லை. விதியை மாற்ற வேண்டுமானால் கூட்டம் கூட்ட வேண்டும்; கூட்டம் கூட்ட அங்கே ஒருவருக்கும் உடம்பு வளையாது.

இப்போது அந்த அலுவலகத்தை ஆண்டுகொண்டிருந்தவருக்கு ஊழியர்கள் மறைவாக வைத்திருந்த பெயர் 'தலைச்சொல்'. அகராதியில் தலைச்சொல் கொட்டை எழுத்தில் முன்னே நிற்கும். விளக்கும் வேலை முழுவதையும் கீழே உள்ள பொடி எழுத்துகள் செய்யும். பெயர் அவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டதால் அவருடைய உண்மையான பெயர் பலருக்கு மறந்தே போயிற்று. அச்சுக்குப் போகும் தாள்கள் எல்லாம் அவருடைய ஒப்புதலுக்குப் போகும். அவற்றில் அவர் தேடிப் படிப்பது ஒன்றே ஒன்று. தம்முடைய பதவி 'பதிப்பாசிரியர்' என்று எங்காவது இருந்தால், சிவப்பு மையால் அதன் முன்னே 'தலைமை' என்று சேர்ப்பார். முன்னுரையில் சேர்த்தார், சுற்றறிக்கையில் சேர்த்தார், தேநீர்க் கோப்பைகளின் பட்டியலில்கூட 'தலைமைப் பதிப்பாசிரியர் கோப்பை' என்று சேர்த்தார். அவருக்குக் கீழே துணைப் பதிப்பாசிரியர்கள் இருவர். ஒருவர் விடுப்பில் இருப்பார்; மற்றவர் விடுப்பு முடிந்து வந்த களைப்பில் இருப்பார்.

அப்படியானால் ஒகரம் வரைக்கும் வேலை எப்படி நடந்தது என்று கேட்கலாம். அதைச் செய்தவள்தான் சீட்டக்கா.

கைப்பையில், முந்தானை மடிப்பில், குடை உறைக்குள், எங்கே கை வைத்தாலும் அவளிடம் வெற்றுச் சீட்டு அகப்படும். தெருவில் அவளைத் தெரியாதவர்கள் அவள் சீட்டுப் பிடிக்கிறவள் என்று எண்ணிக் குலுக்கல் எப்போது என்று விசாரித்ததுண்டு. பேருந்து நெரிசலில் யாராவது ஒரு நல்ல சொல்லை உதிர்த்துவிட்டால், தன் நிறுத்தத்தை விட்டுவிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்குவாள். பதினாறு ஆண்டுகளாக இப்படி. அந்தப் பதினாறு ஆண்டுகளும் ஒப்பந்தத்தில்தான் கழிந்தன. பதினொரு மாதத்துக்கு ஒரு தாள். தாள் முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி. மறுநாள் புதுத் தாள். தொடர்ந்து வேலை பார்த்தாள் என்று நாளைக்கு அவள் சொல்லிக்கொள்ள இடம் கொடுக்காமல் இருப்பதற்காகவே அந்த ஒரு நாள்.

இடைவெளி நாளில் அவள் அலுவலகத்துக்குள் கால் வைக்கக்கூடாது. தலைமை எழுத்தர் வருகைப் பதிவேட்டில் அவளுக்குரிய கட்டத்தில் சிவப்புக் கோடு இழுப்பார். அட்டெண்டர் அவளுடைய நாற்காலியைத் தலைகீழாகத் தூக்கி மேசைமேல் வைப்பார். மற்ற நாள்களில் அந்த நாற்காலி ஒரு காலை இழுத்துக்கொண்டு ஆடும். பதினாறு ஆண்டுகளில் அதற்கு ஓர் ஆணி அடிக்க நேரமில்லாதவர்கள், பதினொரு மாதத்துக்கு ஒரு முறை அதைத் தூக்கிக் கவிழ்ப்பதை மட்டும் மறந்ததே இல்லை.

ஒகரத்தில் 'ஒப்பந்தம்' வந்தது. பேச்சில் 'காண்ட்ராக்ட்' என்று வந்தாலும் ஒப்பந்தத்தின் கீழேயே வைக்க வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். சீட்டக்கா எளிதாக முடிந்துவிடும் என்றுதான் நினைத்தாள். இருவர் கூடிச் செய்துகொள்ளும் உடன்பாடு என்பது முதற்பொருள். அதற்கு மூன்று வாய் ஒரே நாளில் கிடைத்தது. அந்த உடன்பாட்டை எழுதிய தாள் என்பது இரண்டாவது. ஒரு வேலையை மொத்தமாக ஒருவர் தலையில் கட்டிவிடுவது மூன்றாவது. தெருவில் பள்ளம் தோண்டிவிட்டுப் போன ஆளைத் தேடி அலைந்த கடைக்காரர் ஒருவர் அதற்கு ஓர் அருமையான சீட்டுக் கொடுத்தார்: "இவன் அவனுக்குக் காண்ட்ராக்ட் விட்டான், அவன் வேறொருத்தனுக்கு விட்டான், கடைசியில பள்ளத்த மட்டும் எனக்கு விட்டுட்டாங்க."

கேளாத வேலையைத் தானாகத் தலையில் ஏற்றிக்கொள்வது என்னும் நான்காம் பொருள் அவள் வீட்டிலேயே கிடைத்தது. அவள் கணவன் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். ஒருநாள் மாலை மேல்வீட்டுக்காரருக்கும் எதிர்வீட்டுக்காரருக்கும் துணி உலர்த்தும் கொடியைப் பற்றிய வழக்கில் நடுவராகப் போய், இருவரிடமும் வசவு வாங்கிக்கொண்டு திரும்பினான். தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த அவன் தாய், மிதியை நிறுத்தாமலே கேட்டாள்:

"ஏண்டா, ஊர்ல இருக்கிற சண்டையெல்லாம் நீதான் காண்ட்ராக்ட் எடுத்திருக்கியா?"

அடுப்படியிலிருந்து சீட்டக்கா ஈரக்கையோடு சீட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"அத்தை, இன்னொரு தடவை சொல்ல வேண்டாம். அப்படியே எழுதிக்கிட்டேன்."

"என்னைத் திட்டினதுக்கு நானே சாட்சியா?" என்றான் கணவன்.

"இங்க வேற யாருங்க இருக்காங்க? போடுங்க."

"போடறேன். ஆனா தொழில்னு இருக்கிற இடத்துல அம்மாவுக்கு என்ன எழுதப்போற? மகனைத் திட்டறதுன்னா?"

"தையல்காரின்னு எழுதுடி," என்றாள் மாமியார். "திட்டறது சும்மா செய்யறது."

கிரீஸ் படிந்த பெருவிரல் ரேகையுடன் அந்தச் சீட்டு இன்றும் அட்டைப் பெட்டியில் இருக்கிறது. ஐந்தாம் பொருள், வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளாத ஏற்பாடு. அவர் குறட்டை விடலாம், நான் விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கலாம், அதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம் என்று மருந்துக்கடைக்காரி ஒருத்தி சொன்னாள்.

ஆறாவது ஒரு பொருள் இருக்கிறது என்று சீட்டக்காவுக்கு முதலில் தெரியாது. ஒருநாள் வங்கி வாசலில் கதவு திறக்குமா என்று கேட்டதற்குக் காவலாளி உள்ளே எட்டிப்பார்த்துவிட்டுச் சொன்னான்: "உள்ள யாரும் இல்லம்மா. காண்ட்ராக்ட் ஆளுங்க ரெண்டு பேருதான் இருக்காங்க." எழுதும்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு பேர் இருக்கிறார்கள், யாரும் இல்லை. அடுத்த வாரம் மருத்துவமனையில் ஒரு நர்ஸ் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இன்னிக்கு வார்டுல ஒருத்தரும் வரல. காண்ட்ராக்ட் மூணு பேர் வந்து பெருக்கிட்டுப் போனாங்க." சீட்டக்கா இரண்டு சீட்டுகளையும் ஓர் அட்டையில் ஒட்டி, மேலே பொருள் எழுதினாள்: 'ஓர் இடத்தில் இருந்தும் எண்ணிக்கையில் சேராத ஆள்.'

எழுதி முடித்ததும் அவளுக்கு அந்த அட்டையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பதினாறு ஆண்டுகளில் பல்லாயிரம் பொருள்கள் எழுதியவள் அவள். எதிலும் தன் முகம் தெரிந்ததில்லை. இதில் தெரிந்தது. இந்த ஒரு வரி அச்சில் ஏறிவிட்டால் போதும், தான் இங்கே இருந்ததற்கு அதுவே பதிவு என்று அவள் மனத்தில் ஊன்றிவிட்டது.

தலைச்சொல்லுக்கு அந்த அட்டை பிடிக்கவில்லை. அதைப் பூச்சியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இது அகராதியா, புகார்ப் பெட்டியா?"

"ஜனங்க பேசறதைத்தான் சார் எழுதியிருக்கேன்."

"ஜனங்க ஆயிரம் பேசுவாங்க. எத்தனை சீட்டு இருக்கு?"

"ரெண்டு சார்."

"விதி என்ன சொல்லுது?"

அவர் விதியைப் பற்றிப் பேசி அவள் கேட்டது அதுவே முதல்முறை. "மூணு சார்."

"அப்போ மூணாவது வாயைக் கொண்டு வா. ஒகரம் அச்சுக்குப் போறதுக்குள்ள கொண்டு வந்தா வைக்கலாம். இல்லேன்னா அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம்."

முதல் பதிப்புக்கே நாற்பத்தோர் ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த பதிப்பைப் பார்க்க யார் இருப்பார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து அவள் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தாள். பள்ளி வாசல், மின்கட்டண அலுவலகம், தொழிற்சாலைக் கதவு என்று ஒப்பந்த ஆட்கள் புழங்கும் இடமெல்லாம் காரணமின்றிப் போய் நின்றாள். மற்ற ஐந்து பொருள்களும் மழைபோல் கொட்டின; ஆறாவது மட்டும் வாயைத் திறக்க மறுத்தது. ஒருமுறை ஓர் அலுவலகத்தில் பெண் ஒருத்தி அதைச் சொல்லியேவிட்டாள். ஆனால் உடன்கேட்டவர் எவருமில்லை. "நான் வேணா இன்னொரு தடவை சொல்றேங்க, யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றாள் அந்தப் பெண். கேட்டுச் சொல்லவைத்தது ஆகிவிடுமே என்று சீட்டக்கா அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டாள். நேர்மை என்பதை அந்த அலுவலகத்தில் வேறு எவரும் இவ்வளவு வீணாக்கியதில்லை.

ஒகரம் அச்சுக்குப் போக ஒரு நாளே இருந்தது. அந்த நாளில் இன்னும் இரண்டு சங்கதிகள் வந்து சேர்ந்தன. ஒன்று, அன்று அவளுடைய இடைவெளி நாள். மற்றது, அலுவலகத்தை இன்னும் நடத்துவதா, இழுத்து மூடுவதா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாள் அன்றுதான் வருவதாகக் கடிதம் வந்தது. இடைவெளியைத் தள்ளிவைக்க முடியாதா என்று தலைச்சொல் எழுத்தரைக் கேட்டார். தள்ளிவைத்தால் பதினொரு மாதம் தாண்டிவிடும், தாண்டினால் அவள் கேள்வி கேட்பாள் என்றார் எழுத்தர். கேள்வி என்ற சொல்லைக் கேட்டதும் தலைச்சொல் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

இந்த இடத்தில் ஒரு சிறு கதை சொல்லலாம். ஓர் அரண்மனையில் பட்டத்து யானை ஒன்றும், அதற்குத் தழை சுமந்து வர ஒரு கழுதையும் இருந்தன. யானைக்கு முகபடாம் உண்டு, வேளாவேளைக்குக் குளியல் உண்டு. கழுதை கொட்டிலுக்குள் நுழையக்கூடாது. தழையை வெளியே போட்டுவிட்டுப் போய்விட வேண்டும். ஒருநாள், கழுதைக்குப் பெருமை வந்துவிடாமல் இருக்கட்டும் என்று யானை அதை வீட்டுக்குப் போகச் சொல்லிற்று. பொழுது ஏறிற்று, பசி ஏறிற்று. தழை எந்தத் திசையில் முளைக்கிறது என்பதே தனக்குத் தெரியாது என்பது யானைக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த யானைக்காவது தும்பிக்கை இருந்தது.

காலை எட்டு மணிக்குச் சீட்டக்காவின் தொலைபேசி ஒலித்தது.

"ஏம்மா, கிளம்பி வா."

"இன்னிக்கு எனக்கு இடைவெளி நாள் சார். உள்ள வரக்கூடாதே."

"வாசல் வழியா யாரு வரச் சொன்னா? பின்பக்கப் படிக்கட்டு வழியா வா. அட்டை அறையில அலமாரிக்குப் பின்னால ஒரு ஸ்டூல் போடச் சொல்லியிருக்கேன். அந்தம்மா கேட்கிற அட்டையை எடுத்து அட்டெண்டர் கையில கொடு. அவன் என் கையில கொடுப்பான். சத்தம் கித்தம் வரக்கூடாது. நீ அங்க இல்ல, புரியுதா?"

"புரியுது சார்."

"நாளைக்குப் போடற தாள் என் மேசை டிராயர்லதான் இருக்கு. இன்னும் கையெழுத்துப் போடல. அதையும் மனசுல வெச்சுக்க."

மாமியார் தையல் மிதியை நிறுத்தினாள். "யாருடி, உங்க முதலாளியா? இன்னிக்கு உனக்கு லீவுன்னு சொன்னியே."

"லீவுதான் அத்தை. இல்லாத ஆளா வந்து வேலை செய்யச் சொல்றாரு."

"நல்லாயிருக்கு. இருக்கும்போதே அவங்களுக்கு நீ கண்ணுல படல. இதுல இல்லாம வேற வரணுமாக்கும்."

அட்டை அறையின் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒடுங்கி உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. அலமாரித் தட்டுகளின் இடைவெளி வழியாக அவளுக்கு அறையின் பாதி தெரிந்தது. மேசைமேல் தலைகீழாக நிற்கும் தன் நாற்காலியும் தெரிந்தது.

நீதிபதி அம்மாள் குள்ளமானவர். கையில் பென்சிலும் ஒரு சின்னப் புத்தகமும். உள்ளே வரும்போதே கண்ணாடிச் சட்டத்துக்கு முன் நின்று விதிகளை முழுக்கப் படித்தார். அதைப் படிப்பதற்கென்று ஒருவர் நின்றதைத் தலைச்சொல் அதற்குமுன் கண்டதில்லை. ஆகவே அவரும் கூடவே நின்று, முதல்முறையாகப் படித்தார்.

"ஒட்டு" என்றார் நீதிபதி. அலமாரிக்குப் பின்னாலிருந்து அட்டை அட்டெண்டர் கைக்கு வந்தது. அங்கிருந்து தலைச்சொல்லின் கைக்கு வந்தது. "ஒதுக்கு" என்றார். அதுவும் வந்தது. தலைச்சொல்லின் முகம் மலர்ந்தது.

"எல்லாம் விரல் நுனியில இருக்குங்கம்மா."

"நல்லது. நாப்பது வருஷமா கோர்ட்டுல நான் கேட்டுக் காது புளிச்ச வார்த்தை ஒண்ணு உண்டு. ஒப்பந்தம். அதைக் காட்டுங்க."

சீட்டக்கா ஐந்து பொருள்களின் அட்டைகளையும் நீட்டினாள். ஆறாவதை மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு வாய்களோடு அதை அனுப்ப அவளுக்கு உரிமையில்லை. நீதிபதி ஒவ்வொன்றாகப் படித்தார். தையல்காரியின் சீட்டு வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கே. யாரு எழுதினது?"

"எல்லாம் நம்ம மேற்பார்வையிலதாங்கம்மா."

"மேற்பார்வைக்குக் கையெழுத்து கிடையாதுங்களே. எழுதினது யாருன்னு கேட்டேன்."

தலைச்சொல் தொண்டையைச் செருமினார். அவர் அடுத்து என்ன சொல்வார் என்று கேட்கச் சீட்டக்கா சற்று முன்னே சாய்ந்தாள். ஸ்டூல் கிறீச்சிட்டது.

"அங்க யாராவது இருக்காங்களா?" என்றார் நீதிபதி.

"யாரும் இல்லங்கம்மா," என்றார் தலைச்சொல், கையை அலட்சியமாக வீசி. "காண்ட்ராக்ட்தான்."

அலமாரிக்குப் பின்னால் சீட்டக்காவின் கை அவளைக் கேளாமலே எழுதத் தொடங்கிவிட்டது. எவரும் எடுத்துக்கொடுக்கவில்லை. எவரும் சொல்லவைக்கவில்லை. மூன்றாம் வாயைக் கேட்ட அதே வாயிலிருந்து, தானாகவே வந்தது. மாதக்கணக்கில் எங்கெங்கோ தேடிய வாய், பதினாறு ஆண்டுகளாக மாடியில் எதிர் அறையில் பாக்கு மென்றுகொண்டிருந்திருக்கிறது. நாள் எழுதினாள், இடம் எழுதினாள், தொழில் எழுதினாள். சாட்சிக்குரிய இடம் காலியாக இருந்தது.

சீட்டை அட்டெண்டர் பக்கம் நீட்டினாள். அவரும் கேட்டவர்தான். அட்டெண்டர் படித்தார், நெருப்பைத் தொட்டவர்போல் திருப்பித் தந்தார்.

"வேணாம்க்கா," என்று முணுமுணுத்தார். "நான் பர்மனென்ட்."

நிரந்தரமானவருக்குத்தான் எவ்வளவு பயம் என்று சீட்டக்கா நினைத்தாள். இனி அறையில் ஒரே ஒரு சாட்சிதான் மிச்சம். அங்கே போக வேண்டுமானால் இல்லாத ஆள் இருக்கிற ஆளாக வேண்டும். நாளைய தாள் கையெழுத்தாகாமல் மேசை இழுப்பறைக்குள் கிடக்கிறது. ஒகரமும் நாளைக்குத்தான் அச்சுக்குப் போகிறது. அவள் மடியிலிருந்த ஆறாவது அட்டையை எடுத்தாள். அலமாரியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அம்மா, உங்ககிட்ட ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும்."

தலைச்சொல்லின் வாய் திறந்தது. அதிலிருந்து அகராதிக்கு உதவும்படி எதுவும் வரவில்லை. நீதிபதி அட்டையை வாங்கினார். பொருளைப் படித்தார், வங்கிக் காவலாளியைப் படித்தார், நர்ஸைப் படித்தார். கடைசியில் மை காயாத சீட்டைப் படித்தார்.

"நீங்கதான் இந்த அட்டையெல்லாம் எழுதினவங்களா?"

"ஆமாங்கம்மா."

"நான் கேட்டது உண்மை, இவர் சொன்னதும் உண்மை. போடலாம்." பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"செல்லாதுங்கம்மா," என்றார் தலைச்சொல் அவசரமாக. மூளை வேலை செய்துவிட்டதில் அவருக்கே வியப்பு. "இன்னிக்கு இவங்க ஸ்டாஃப் இல்ல. நேத்தோட தாள் முடிஞ்சுபோச்சு. இன்னிக்கு இவங்க வெளியாள். வெளியாள் எழுதின சீட்டு செல்லாது. பதிவேட்டுல சிவப்புக் கோடே இருக்கு, காட்டறேன்."

பதிவேடு வந்தது. சிவப்புக் கோடு இருந்தது. நீதிபதி அதைப் பார்த்துத் தலையசைத்தார்.

"சரிதான். அப்போ நான் எழுதிக்கிறேன். காலையிலிருந்து எனக்குக் காட்டின எல்லா அட்டையும் வெளியாள் கை பட்டது. தொடக்கூடாதுன்னு வாசல்லயே விதி தொங்குது. நாம ரெண்டு பேரும் சேர்ந்துதானே படிச்சோம். வெளியாளை அலமாரிக்குப் பின்னால உட்கார வெச்சது யாருன்னு மட்டும் சொல்லிடுங்க. அறிக்கையில அந்த இடம் காலியா இருக்கு."

தலைச்சொல் பதிவேட்டிலிருந்த சிவப்புக் கோட்டை விரலால் மறைத்துக்கொண்டார்.

"வெளியாள்னு சொல்ல வரலங்கம்மா. ஒரு விதத்துல..."

"விதம் வேண்டாம். ஸ்டாஃபா, வெளியாளா? முடிவு பண்ணிச் சொல்லுங்க. எனக்கு அவசரம் இல்ல. இருபது வருஷம் ஜட்ஜா உட்கார்ந்து வாய்தா கொடுத்துப் பழகினவ."

தலைச்சொல் சீட்டக்காவைப் பார்த்தார். பதினாறு ஆண்டுகளில் முதல்முறையாக அவரை அவள் மேலிருந்து கீழே பார்த்தாள். மடிப்புக் கலையாத சட்டைக்குள் இருப்பது இவ்வளவுதானா என்று இருந்தது. இந்த ஆளின் ஒரு கையெழுத்துக்காகவா இத்தனை ஆண்டுகள் கைகட்டி நின்றோம் என்று நினைத்தபோது, கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

"ஸ்டாஃப்தாங்கம்மா," என்றார் தலைச்சொல்.

"எழுத்துல கொடுங்க."

சிவப்புக் கோட்டின் மேலேயே 'வந்துள்ளார்' என்று அவர் எழுதினார். பயந்து பயந்து எழுதியதால் அது அவருடைய வழக்கமான கையெழுத்தைவிடச் சற்று அழகாக அமைந்தது. நீதிபதி சீட்டில் சாட்சிக் கையெழுத்திட்டார். புறப்படும்போது, "ஒப்பந்தம் அச்சானதும் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பிவைங்க. ஆறு பொருளும் இருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அலுவலகத்தை மூடச் சொல்லி அவர் எழுதவில்லை. எழுதுகிறவர் இருக்கும்வரை நடக்கலாம் என்று ஒரே வரி எழுதியதாகப் பிறகு தெரிந்தது. தலைச்சொல் அந்த வரியைத் தம்மைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டு படியெடுத்துச் சுவரில் மாட்டினார்.

மறுநாள் காலை சீட்டக்கா தன் நாற்காலியைத் தானே இறக்கிப் போட்டு உட்கார்ந்தாள். தலைமை எழுத்தர் புதுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார்.

"நேத்து நீ வந்திருக்கே," என்றார் குற்றம்சாட்டுவதுபோல.

"ஆமா சார்."

"இடைவெளி இல்லாம அடுத்த தாள் போட முடியாது. நேத்து இடைவெளின்னு சொன்னா, வந்துள்ளார்னு அவர் கையாலயே எழுதியிருக்காரு. இன்னிக்கு இடைவெளின்னு சொன்னா, நேத்து எந்தத் தாள்ல வேலை செஞ்சே?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? நான் அந்தச் சொல்லுக்குப் பொருள் எழுதறவ, அவ்வளவுதான்."

கோப்பு மேலிடத்துக்குக் கருத்துக் கேட்டுப் போயிற்று. மேலிடத்தில் கருத்து என்பது அவ்வளவு சீக்கிரம் முளைக்கும் பொருள் அன்று. தலைச்சொல் அவளை நிறுத்திவிடலாம் என்று ஒருமுறை துள்ளினார். நிறுத்த வேண்டுமானால் அவள் எந்தத் தாளின்படி இருக்கிறாள் என்று முதலில் எழுத வேண்டும் என்றார் எழுத்தர். எழுத வேண்டும் என்றதும் துள்ளல் அடங்கிற்று. ஆக, அந்த அலுவலகத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லாமல், இடைவெளியும் இல்லாமல், நாள்தோறும் வந்து வேலை பார்க்கும் ஒரே ஆளாகச் சீட்டக்கா ஆனாள்.

சில வாரங்களில் ஒகரத்தின் மெய்ப்பு வந்தது. அவள் அதைக் கொண்டுபோய்த் தலைச்சொல்லின் மேசைமுன் நின்றாள். உட்காரச் சொல்லும் பழக்கம் அவரிடம் இல்லை. அவர் சிவப்புப் பேனாவைத் திறந்து, பக்கங்களைப் புரட்டி, ஒப்பந்தத்துக்கு வந்தார். ஐந்து பொருள்களைத் தாண்டினார். ஆறாவதில் பேனா நின்றது. சீட்டக்கா அந்தப் பேனா முனையையே பார்த்தாள். நீதிபதி கேட்டிருந்தால் என்ன, ஒரு கோடு இழுக்க எவ்வளவு நேரம் ஆகும்.

தலைச்சொல்லின் நெற்றி சுருங்கிற்று. உண்மையாகவே மனம் புண்பட்டவர்போல் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கு எத்தனை தடவைம்மா சொல்றது?"

அவர் பேனா தாளில் ஒருமுறை கீறிற்று. கீழே ஒப்புதல் கையெழுத்துப் போட்டுத் தாள்களை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். படிக்கட்டருகே அட்டெண்டர் காத்திருந்தார்.

"அடிச்சுட்டாராக்கா?"

"இல்ல. ஒரு வார்த்தை சேர்த்திருக்காரு."

அட்டெண்டர் எட்டிப் பார்த்தார். ஆறாம் பொருளின் கீழ், மூன்றாம் எடுத்துக்காட்டு கறுப்பு எழுத்தில் இருந்தது: 'யாரும் இல்லங்கம்மா, காண்ட்ராக்ட்தான்.' அதையடுத்துப் பேசியவர் பதிப்பாசிரியர் என்று இருந்தது. அந்தச் சொல்லுக்கு முன்னால், சிவப்பு மையில், ஒரு சின்ன அம்புக்குறி போட்டுத் தெளிவாக எழுதியிருந்தது: 'தலைமை.'